துணுக்குகளின் சரித்திரம்

ஒரு வாரப் பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் முதலில் தலையங்கத்தைப் படிப்பவர் எத்தனை பேர்? வீட்டுப் பெரியவர் ஒருவர் இருக்கலாம். மற்றவர்கள் எல்லோரும் தொடர்கதை முடிந்து பக்கத்தின் அடியில் மீதமிருக்கும் நாலு அங்குல இடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அங்கே ஒரு ஜோக் இருக்கும். ஒட்டகச்சிவிங்கியின் அவ்வளவு நீண்ட கழுத்திலும் நமக்கு இருப்பது போல ஏழே ஏழு எலும்புகள்தான் என்று ஒரு தகவல் இருக்கும். ஒரு சின்னக் கோட்டுச் சித்திரம் இருக்கும். இன்ன வார்த்தைக்கு இன்ன அர்த்தம் என்று ஒரு குறிப்பு இருக்கும். இவற்றுக்குத்தான் நாம் 'துணுக்கு' என்று பெயர் வைத்தோம்.

துணுக்கு என்றால் சிறு துண்டு என்று பொருள். அச்சுக் கோப்பவர் இடத்தை நிரப்பக் கேட்டதால் வந்த சமாசாரம் என்று பலர் இதை லேசாக நினைக்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. கல்லூரி வாசலை மிதிக்காத லட்சக்கணக்கான தமிழர்களுக்குப் பொது அறிவும், நல்ல தமிழும், கொஞ்சம் ஹாஸ்ய உணர்ச்சியும் இந்தத் துண்டுகள் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன. இதன் சரித்திரத்தைச் சங்க அங்கத்தினர்களோடு பகிர்ந்து கொள்ளவே இந்தக் கட்டுரை.

சைவ ஹோட்டலில் பிறந்த பத்திரிகை

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் ஜார்ஜ் நியூன்ஸ் என்று ஒரு வியாபாரி இருந்தார். செய்தித்தாள்களில் வரும் விந்தையான செய்திகளைக் கத்தரித்து ஒட்டி வைத்து, மனைவிக்குப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். இந்த மாதிரித் துண்டுகளை மட்டுமே கொண்டு ஒரு பத்திரிகை நடத்தினால் என்ன என்று அவருக்கு யோசனை வந்தது. கையில் முதல் இல்லை. ஆகவே ஒரு சைவ ஹோட்டல் ஆரம்பித்துப் பணம் சேர்த்தார் என்பது அவர் வாழ்க்கையில் உள்ள சுவையான செய்தி. 1881 அக்டோபரில் 'டிட்-பிட்ஸ்' வெளிவந்தது.

அது வெற்றி பெற்றதற்குக் காரணம் உண்டு. 1870இல் இங்கிலாந்தில் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. பத்து வருஷத்தில் புதிதாக எழுத்தறிந்த ஒரு பெரிய கூட்டம் உருவாகியிருந்தது. அவர்களுக்கு நீண்ட அரசியல் கட்டுரைகளைப் படிக்கப் பொறுமையும் இல்லை, பழக்கமும் இல்லை. ரயிலில் வேலைக்குப் போகும்போது இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் படித்து முடிக்கக்கூடிய விஷயம்தான் தேவைப்பட்டது. நியூன்ஸ் அதைக் கொடுத்தார். அதோடு, பத்திரிகையின் பிரதி கையில் இருக்கும்போது ரயில் விபத்தில் யாராவது இறந்தால் குடும்பத்துக்கு 100 பவுன் என்று இன்ஷூரன்ஸ் வேறு அறிவித்தார்! நம்மில் பலருக்குப் பிரியமான பி.ஜி. உட்ஹவுஸ் எழுதத் தொடங்கிய காலத்தில், 1900இல், அவருடைய ஹாஸ்யக் கட்டுரை ஒன்று இதே டிட்-பிட்ஸில்தான் வந்தது.

அமெரிக்காவில் இது இன்னும் நாலு கிளைகளாகப் படர்ந்தது. 1913 டிசம்பரில் ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் முதல் குறுக்கெழுத்துப் புதிரைப் போட்டார். 1918இல் ராபர்ட் ரிப்ளி, 'நம்பினால் நம்புங்கள்' என்ற பொருள்படும் படத் துணுக்கைத் தொடங்கினார். சித்திரமும் விந்தைச் செய்தியும் சேர்ந்த அந்தப் பகுதி பிறகு தினசரி விருந்தாயிற்று. 1922இல் வாலஸ் தம்பதியர் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' ஆரம்பித்தார்கள். அதில் 1945 முதல் வந்த 'சொல்வளம் பெருக்குங்கள்' என்ற பகுதியை வைத்து, நம்மில் எத்தனை பேர் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குத் தயார் செய்து கொண்டோம் என்பதை அறுபது வயதைத் தாண்டிய அங்கத்தினர்கள் அறிவார்கள்.

நம் ஊர்ச் சரக்கு

இதையெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லித்தான் நாம் தெரிந்து கொண்டோமா என்றால், இல்லை. விடுகதை, சிலேடை, தனிப்பாடலுக்குப் பின்னால் ஒரு கதை என்று நமக்குத் திண்ணையிலேயே எல்லாம் இருந்தன. காளமேகப் புலவரைப் பற்றிப் பாட்டிமார் சொன்ன கதைகளுக்கு அளவே கிடையாது. அந்தச் சரக்கை அச்சில் ஏற்றியவர்களில் முக்கியமானவர் அஷ்டாவதானம் வீராசாமி செட்டியார். அவருடைய 'விநோதரசமஞ்சரி' 1876இல் வெளிவந்தது. கம்பர், ஒட்டக்கூத்தர், காளமேகம் என்று புலவர்களைப் பற்றிய கர்ண பரம்பரைக் கதைகளை வசனத்தில் சுவையாகக் கொடுத்த புத்தகம் அது. பெயரிலேயே விநோதம், ரசம் இரண்டும் இருக்கின்றன பாருங்கள்.

1892இல் சி.வி. சுவாமிநாதையர் 'விவேகசிந்தாமணி' மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' அதில்தான் தொடராக வந்தது. 1915இல் 'ஆனந்தபோதினி' வந்தது. இவை கனமான பத்திரிகைகள். சிரிக்க வைப்பதே காரியம் என்று சங்கல்பம் செய்துகொண்டு புறப்பட்டது, 1926இல் பூதூர் வைத்தியநாதையர் ஆரம்பித்த 'ஆனந்த விகடன்'. இரண்டு வருஷத்தில் அது தள்ளாட, 1928இல் எஸ்.எஸ். வாசன் அதை வாங்கினார். பெயரில் உள்ள எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்று சொல்வார்கள். எழுத்தை எண்ணிப் பாருங்கள், கணக்கு சரியாகவே வரும்.

வாசன் விளம்பரத் தொழிலில் இருந்து வந்தவர். வாசகன் எதற்குக் காசு கொடுப்பான் என்று அவருக்குத் தெரியும். 1930களில் விகடன் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிக்காகவே பத்திரிகை வாங்கியவர்கள் ஏராளம். கல்கியின் பேனாவும் மாலியின் தூரிகையும் சேர்ந்தபோது தமிழ்ப் பத்திரிகைக்கே ஒரு புது முகம் வந்தது. மாலி நாலு கோட்டில் ஒரு சங்கீத வித்வானை மேடையோடு எழுப்பி விடுவார். அவருக்குப் பின்னால் கோபுலு வந்தார். சில்பி வந்தார். சில்பி என்கிற பி.எம். ஸ்ரீநிவாசன் கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து சிற்பங்களை வரைந்து, 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற பகுதியாக வாராவாரம் வெளியிட்டார். தேவன் அதற்கு எழுதினார். பக்கத்து ஊர்க் கோயிலில் தூணுக்குத் தூண் என்ன இருக்கிறது என்று அண்ணாந்து பார்க்காமல் பிரதட்சிணம் செய்து வந்த ஜனங்கள், பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு சிற்பத்தைத் தேடிப் போனார்கள். சித்திரம் இப்படியும் பாடம் சொல்லும்.

விஞ்ஞானமும் பாஷையும்

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன் என்பதால் இந்தப் பகுதியில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் சிரத்தை. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து, தமிழில் விஞ்ஞானப் பதங்களை உண்டாக்க ஒரு சங்கம் அமைத்துப் பத்திரிகையும் நடத்தினார்கள். அது இங்கிலீஷில் நடந்த பத்திரிகை என்பது விந்தை! அடுத்த வருஷமே, 1917இல், பெ.நா. அப்புசுவாமி 'தமிழர் நேசன்' பத்திரிகையில் தமிழிலேயே விஞ்ஞானம் எழுத ஆரம்பித்தார். தொழிலால் வக்கீல். 1986இல் தம் 95வது வயதில் காலமாகும் வரை எழுதிக் கொண்டே இருந்தார். ரேடியோ முதல் அணுசக்தி வரை அவர் தொடாத விஷயம் இல்லை.

1947இல் 'கலைமகள்' காரியாலயத்திலிருந்து 'மஞ்சரி' வந்தது. தி.ஜ.ர. அதன் ஆசிரியர். பல பாஷைகளிலிருந்தும் நல்ல விஷயங்களைச் சுருக்கித் தெளிவான தமிழில் கொடுத்த பத்திரிகை அது. 'கலைமகள்' ஆசிரியர் கி.வா. ஜகந்நாதனோ சிலேடைக்குப் பேர் போனவர். ஒரு தடவை அவர் போய்க் கொண்டிருந்த கார் நடுவழியில் நின்றுவிட்டதாம். உடன் வந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். வயதானவராயிற்றே என்று அவரை மட்டும் தள்ள விடவில்லை. "நான் தள்ளாதவன் என்று என்னைத் தள்ளி விட்டீர்களே!" என்றாராம். ஒரே வினைச்சொல்லின் மூன்று அர்த்தங்களை ஒரு வாக்கியத்தில் மாணாக்கனுக்குக் கற்பிக்க இதைவிடச் சுலபமான வழி ஏது?

என் தலைமுறைச் சிறுவர்களுக்கு 'கல்கண்டு'தான் சர்வகலாசாலை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் படத்தில் காட்சி தந்த தமிழ்வாணன் அதன் ஆசிரியர். மாயவரத்தில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் கல்கண்டு வாங்குவார்கள். அது பதினோரு வீடு சுற்றி, அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறையோடு எங்கள் அகத்துக்கு வரும்போது அடுத்த இதழ் வந்துவிட்டிருக்கும். அப்படியும் விடமாட்டோம். கேள்வி-பதில் பகுதியில் தமிழ்வாணன் சொன்னதை மறுநாள் வகுப்பில் வாத்தியாரிடமே கேட்டு மடக்குவதில் எங்களுக்கு ஓர் அலாதி ஆனந்தம்.

இங்கிலீஷிலும் இந்த சேவை நடந்தது. 1980களில் தொடங்கி 'ஹிந்து' பத்திரிகையில் பேராசிரியர் கே. சுப்ரமணியனும், அவருக்குப் பின் அவர் புதல்வர் உபேந்திரனும் எழுதி வந்த 'உங்கள் ஆங்கிலத்தை அறியுங்கள்' என்ற பகுதியைக் கத்தரித்து ஒட்டி வைத்த நோட்டுப் புத்தகங்கள் இன்றும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கும்.

காலையில் ஒரு குரல்

தினசரித் துணுக்குக்குத் தமிழில் நிகரில்லாத உதாரணம் பத்திரிகையில் இல்லை, வானொலியில் இருக்கிறது. 1988இல் சென்னை வானொலியில் 'இன்று ஒரு தகவல்' ஆரம்பமாயிற்று. தென்கச்சி கோ. சுவாமிநாதன் விவசாயப் பட்டதாரி. விவசாய அதிகாரியாக வேலை பார்த்துவிட்டு, திருநெல்வேலி வானொலியில் சேர்ந்து, பிறகு சென்னைக்கு வந்தவர்.

அந்த நிகழ்ச்சி சில நிமிஷங்கள்தான். ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக் கொள்வார். அது ரத்தக் கொதிப்பாக இருக்கலாம், எறும்பாக இருக்கலாம், கோபமாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, குரலை உயர்த்தாமல் சொல்லிக் கொண்டே போவார். கடைசியில் ஒரு குட்டிக் கதை. அதில் ஒரு ஹாஸ்யம். நாம் சிரிப்போம், அவர் சிரிக்க மாட்டார்! அதுதான் அதன் அழகு. டிகாக்ஷன் இறங்குகிற நேரத்துக்கும், ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்கிற நேரத்துக்கும் நடுவில் எத்தனையோ வீடுகளில் அந்தக் குரலுக்கு ஓர் இடம் இருந்தது. பின்னாளில் சன் டிவியில் 'இந்த நாள் இனிய நாள்' என்ற நிகழ்ச்சியிலும் வந்தார். 2009 செப்டம்பரில் அவர் மறைந்தபோது, சொந்த மனுஷர் ஒருவர் போய்விட்டது போல் வருந்தியவர்கள் பலர்.

பெங்களூர் பக்கம்

நான் இருக்கும் கர்நாடகமும் இதில் சளைத்ததல்ல. 1942இல் டாக்டர் எம். சிவராம் என்ற மருத்துவர் 'கொரவஞ்சி' என்ற ஹாஸ்ய மாதப் பத்திரிகையைப் பெங்களூரில் ஆரம்பித்து 1967 வரை, 25 வருஷம் நடத்தினார். கொரவஞ்சி என்றால் நம் குறவஞ்சிதான். மைசூரில் பிறந்து வளர்ந்த நம் ஆர்.கே. லக்ஷ்மண், மாணவராக இருந்த நாளில் அதற்குப் படம் போட்டிருக்கிறார். அவர்தான் பிறகு பம்பாய் போய், 1951 முதல் 'டைம்ஸ் ஆஃப் இண்டியா'வில் கட்டம் போட்ட கோட்டோடு ஒரு 'சாமானிய மனிதனை' உலவவிட்டார். அந்தச் சின்னக் கார்ட்டூனில் ஹாஸ்யம், சித்திரம், அன்றைய நாட்டு நடப்பு மூன்றும் தினந்தோறும் அடங்கியிருந்தன. சாமானிய மனிதன் ஒரு வார்த்தைகூடப் பேசியது கிடையாது.

பாஷைக்கு வருவோம். 1991 முதல் 'பிரஜாவாணி' நாளிதழில் பேராசிரியர் ஜி. வெங்கடசுப்பையா 'இகோ கன்னட' என்ற பகுதியை எழுதினார். இதோ கன்னடம் என்று அர்த்தம். வாசகர்கள் ஏதாவது சொல்லைப் பற்றிக் கேட்பார்கள். அது எங்கிருந்து வந்தது, எப்படி மாறியது, சரியான உபயோகம் எது என்று பதில் சொல்வார். பெரிய அகராதியைத் தொகுத்தவர், கடைக்காரர் கேட்ட கேள்விக்கும் அதே சிரத்தையோடு பதில் எழுதினார். 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். 2021இல் தம் 107வது வயதில் காலமானார்.

ஆபீஸ் போர்டில் ஒரு கல்

மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு வாசலில் ஒரு கரும்பலகை ஞாபகம் இருக்கும். 'இன்றைய சொல்' என்று ஒரு ஹிந்தி வார்த்தையும் அதன் இங்கிலீஷ் அர்த்தமும் எழுதியிருக்கும். ஆட்சிமொழிச் சட்டம் 1963இல் வந்தது, விதிகள் 1976இல் வந்தன. அந்த விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் பொருந்தும் என்று முதல் விதியிலேயே எழுதியிருப்பது பலருக்குத் தெரியாத துணுக்கு.

நான் பெங்களூரில் உத்தியோகம் பார்த்த ஓர் அலுவலகத்திலும் அந்தப் பலகை இருந்தது. யாரும் நின்று பார்த்ததில்லை. ஒரு நாள் 'கல்' என்ற சொல்லை எழுதியிருந்தார்கள். ஹிந்தியில் நேற்றுக்கும் அதுதான், நாளைக்கும் அதுதான். எங்கள் கன்னட ஸ்டெனோகிராபர் ஒருவர் அடியில் சாக்பீஸால் இரண்டு வரி சேர்த்தார்: "நம் ஆபீஸில் கோப்பு எப்போது வரும் என்று கேட்டால் 'கல்' என்பார்கள். நேற்றும் வரவில்லை, நாளையும் வராது. தமிழிலும் கன்னடத்திலும் சொல்வது போல் கல்லாகவே கிடக்கும்." அன்று லிஃப்டுக்குக் காத்திருந்த கூட்டம் முழுவதும் பலகை முன்னால் நின்றது. அந்தச் சொல்லை அவர்களில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன் எழுதின நூற்றுக்கணக்கான சொற்களில் ஒன்றையாவது யாரும் ஞாபகம் வைத்திருப்பார்களா என்பது சந்தேகமே. வெறும் மருந்தை யாரும் குடிக்க மாட்டார்கள். தேனில் குழைத்தால் நாக்கு தானாக நீளும்.

பொம்மசந்திராவில் சமுத்திரம்

ஓய்வு பெற்றபின் பொம்மசந்திராவில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். ஓசூர் ரோட்டில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி உள்ள தொழிற்பேட்டை. ஒரு பக்கம் ஆலைகள், ஒரு பக்கம் பெரிய ஆஸ்பத்திரிகள், நடுவில் எங்களைப் போன்றோரின் அடுக்குமாடிகள். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து இங்கு வரை மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. 16 ஸ்டேஷன்கள், சுமார் 19 கிலோமீட்டர். ஜயநகர் பக்கம் கச்சேரி கேட்கப் போவது இப்போது சுலபம்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு வெள்ளைப் பலகை சும்மா இருந்தது. தண்ணீர் லாரி வரவில்லை என்றால் மட்டும் அதில் ஏதாவது எழுதுவார்கள். நானும் இன்னும் மூன்று ஓய்வு பெற்ற நண்பர்களும் சேர்ந்து தினம் நாலு துணுக்கு எழுத ஆரம்பித்தோம். ஒரு விந்தைச் செய்தி, ஒரு ஜோக், ஒரு சின்னப் படம், ஒரு சொல். எங்களில் ஒருவர் கன்னடக்காரர், ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். படம் அவர் பொறுப்பு. சொல் என் பொறுப்பு.

முதல் சொல்லாக ஊர்ப் பெயரையே எடுத்துக் கொண்டேன். பொம்மசந்திரா என்றால் பொம்மையும் சந்திரனும் என்றுதான் குழந்தைகள் நினைத்திருந்தார்கள். இந்த வட்டாரத்தில் சிங்கசந்திரா, திப்பசந்திரா என்று பல ஊர்கள் உண்டு. இந்த 'சந்திரா', 'சமுத்திரா' என்ற சொல்லின் மரூஉ என்று ஊர்ப் பெயர்களை ஆராய்ந்தவர்கள் விளக்குகிறார்கள். பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று சொல்வது பழைய வழக்கம். நம் அம்பாசமுத்திரத்திலும் கோபாலசமுத்திரத்திலும் உள்ள அதே சமுத்திரம்தான். கடலே இல்லாத ஊர்களில் சமுத்திரம் வந்த காரணம் இதுவே. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற எங்கள் ஊரின் பெயரிலேயே ஓர் ஏரி ஒளிந்திருக்கிறது!

அடுத்து, தமிழும் கன்னடமும். தமிழில் 'ப' வரும் இடத்தில் பல சொற்களில் கன்னடத்தில் 'ஹ' வரும். பால் ஹாலு ஆகும். பல் ஹல்லு ஆகும். புலி ஹுலி, பத்து ஹத்து, பாம்பு ஹாவு, புகை ஹொகெ. பழைய கன்னடத்தில் இவையும் 'ப'வாகவே இருந்தன. மற்றொரு விதி: தமிழில் 'ச' வரும் சில இடங்களில் கன்னடம் பழைய 'க'வை வைத்துக் கொண்டிருக்கிறது. செவி கிவி ஆகும், சேரி கேரி ஆகும். செம்மை கெம்பு ஆகும். பெங்களூரை உருவாக்கிய கெம்பே கௌடாவின் பெயரில் இருப்பது நம் செம்மைதான். இரண்டு விதியைத் தெரிந்து கொண்டால் ஐம்பது சொற்கள் கைக்கு வந்துவிடுகின்றன. சில வருஷங்களாக பாஷையின் பெயரால் இந்த ஊரில் ஆட்டோவிலும் கடையிலும் எழும் சச்சரவுகளைப் பார்க்கும்போது, பாலும் ஹாலும் ஒரே மடியில் கறந்தது என்று தெரிந்தவர்கள் நாலு பேர் கூடுதலாக இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது.

இந்தப் பலகையால் என்ன பிரயோஜனம் என்று கேட்டால் இரண்டு சொல்வேன். எங்கள் குடியிருப்பைப் பெருக்கித் துடைக்க வரும் ஓர் அம்மாள் தர்மபுரிப் பக்கத்தவர். நாலாம் வகுப்போடு படிப்பு நின்று போனவர். தினம் தமிழ்ப் பகுதியை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் வாளியை எடுப்பார். "ஐயா, கொஞ்சம் பெரிசா எழுதுங்க" என்று ஒரு நாள் கேட்டார். அன்றிலிருந்து எழுத்து இரண்டு அங்குலம் ஆயிற்று. இன்னொன்று என் பேத்தி. பள்ளியில் அவளுக்கு கன்னடமும் ஹிந்தியும் உண்டு, தமிழ் கிடையாது. வீட்டில் உட்கார வைத்து அ, ஆ சொல்லிக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவாள். பலகையில் ஜோக்கின் கடைசி வரியை மட்டும் தமிழில் எழுதி வைக்க ஆரம்பித்தோம். கடைசி வரி தெரியாவிட்டால் சிரிக்க முடியாதே! மூன்று மாதத்தில் அவளும் அவள் சிநேகிதிகள் இருவரும் தாங்களாகவே படிக்கிறார்கள். சில சமயம் எங்கள் ஜோக் சுமார் என்றும் சொல்கிறார்கள்.

பொய்த் துணுக்கு

இந்தச் சரித்திரத்துக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. 1932இல் ரிப்ளி, சந்திரனிலிருந்து கண்ணுக்குத் தெரியக்கூடிய ஒரே மனித சிருஷ்டி சீனப் பெருஞ்சுவர் என்று படம் போட்டார். அன்று சந்திரனுக்கு யாரும் போனதில்லை. ஆனால் கணக்கு போட முடியும். நல்ல கண்பார்வை உள்ளவர் ஒரு பொருளைக் காண, அதன் அகலம் தூரத்தில் ஏறக்குறைய 3,400இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். சந்திரன் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்து தெரிய ஒரு பொருள் 110 கிலோமீட்டருக்கு மேல் அகலமாக இருக்க வேண்டும். சுவரின் அகலம் ஆறு மீட்டர் என்று வைத்துக் கொண்டால், 20 கிலோமீட்டர் உயரத்திலேயே அது மங்கிவிடும். 2003இல் விண்வெளிக்குச் சென்ற முதல் சீன வீரர் யாங் லிவெய், தமக்குச் சுவர் தெரியவில்லை என்றே சொன்னார். அப்படியும் அந்தத் துணுக்கு சாகவில்லை.

இப்போது செல்போன் வழியாகத் தினம் நமக்கு வரும் சரக்கில் பாதி இந்த ஜாதிதான். திருநள்ளாறுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சில வினாடி நின்று போகின்றன, நாஸா விஞ்ஞானிகள் திகைத்தார்கள் என்று ஒரு செய்தி வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் உள்ள செயற்கைக்கோள் வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போவதால்தான் கீழே விழாமல் இருக்கிறது. அது நின்றால் பிறகு மேலே இருக்காது. சனீஸ்வரன் சந்நிதியில் நாம் எள் தீபம் ஏற்றுவதற்கு அமெரிக்காவின் சர்டிபிகேட் அவசியமில்லை. பொய்யை முட்டுக் கொடுத்து நிறுத்தினால், பார்க்கிற இளைய தலைமுறைக்கு மெய்யின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

செயற்கைக்கோள் விஷயத்தில் யாருக்கும் கஷ்டம் இல்லை. வைத்தியத் துணுக்கு அப்படியல்ல. எனக்குத் தெரிந்த ஒருவர், ஏதோ ஒரு விதையை ஊறவைத்துக் குடித்தால் சர்க்கரை வியாதி போய்விடும் என்று வந்த செய்தியை நம்பி மாத்திரைகளை நிறுத்தினார். இரண்டு மாதத்தில் காலில் புண் வந்து, ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் நன்றாகப் படித்தவர்.

பழைய பத்திரிகைத் துணுக்கில் தவறு வந்தால் அடுத்த வாரம் ஒரு வாசகர் கடிதம் எழுதுவார். ஆசிரியர் பதில் சொல்லியாக வேண்டும். செல்போனில் வருகிற செய்திக்கு ஆசிரியரும் இல்லை, முகவரியும் இல்லை. ஆகவே அந்த வேலையை நாமேதான் பார்க்க வேண்டும். எங்கள் பலகைக்கு மூன்று விதிகள் வைத்திருக்கிறோம். யார் சொன்னது என்று பெயர் தெரியாத விஷயத்தை எழுதுவதில்லை. எண் வந்தால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் எழுதுவதில்லை. மருந்தைப் பற்றி எழுதுவதே இல்லை.

அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம்

நம் சங்கத்தினர் மாதுங்காவில் இருக்கிறார்கள், கரோல்பாகில் இருக்கிறார்கள், ஹைதராபாத்திலும் கொல்கத்தாவிலும் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப் பாஷைக்கும் நம் தமிழுக்கும் நடுவில் எத்தனையோ சுவாரஸ்யமான கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கிறது. பேரக் குழந்தைகள் தமிழ் பேசுகிறார்கள், படிப்பதில்லை. இன்னும் ஒரு தலைமுறை போனால் பேச்சும் போய்விடும் என்று நாம் ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லிக் கொண்டிருக்கிறோம். சொல்வதோடு நிற்கிறது.

பாடசாலை வைக்க எல்லோராலும் முடியாது. தினம் நாலு வரி எழுத எல்லோராலும் முடியும். வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவு போதும், குடியிருப்பில் ஒரு பலகை போதும். நிஜமான ஒரு விந்தை, யார் மனசையும் புண்படுத்தாத ஒரு ஜோக், கோணலாக இருந்தாலும் கையால் போட்ட ஒரு படம், ஒரு சொல். கடைசி வரி மட்டும் தமிழில் இருக்கட்டும். தென்கச்சியார் போல் நாம் சிரிக்காமல் இருந்துவிடலாம், குழந்தைகள் சிரித்தால் போதும்.

உங்கள் ஊரில் நம் சொல்லோடு உறவாடும் அந்த ஊர்ச் சொல் ஒன்றை, ஊர்ப் பெயர் ஒன்றை, அடுத்த இதழுக்குள் ஆசிரியர் குழுவுக்கு ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். எங்கிருந்து தெரிந்து கொண்டீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். நம் இதழிலும் பக்கத்துக்கு அடியில் நாலு அங்குலம் காலியாகத்தான் இருக்கிறது.